மூன்றாம் தட்டு

ஜூலை 5, சனி

காலையிலிருந்து மழை. நிற்பதும் தொடங்குவதுமாக. உப்பு ஜாடியில் பாதி தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை மா வருகிறார். அனியின் அம்மா, என் மாமியார். கிருஷ்ணநகர் வீட்டைப் பூட்டிவிட்டு, இனி எங்களோடு. அனியின் அப்பா, பாபா, காலமானது குளிர் முடியும் சமயத்தில். அதன்பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக. போதும் என்றான் அனி.

அதற்குள் சமையலறை அலமாரியை ஒழிக்க வேண்டும். சுவரில் பதித்தது. நான்கு தட்டு, வலைக்கதவு. கல்யாணம் ஆனதிலிருந்து சேர்ந்த குப்பை எல்லாம் அதில். இன்று இறக்கியவை:

ரவை (வண்டு)
கடலை மாவு, இரண்டு பொட்டலம், இரண்டும் பிரித்தது
து.பருப்பு, ரப்பர் பேண்டு போட்டு
மசூர் பருப்பு, துணி கிளிப் போட்டு
பொரி, நமுத்துப்போய்
அம்மா திருச்சியிலிருந்து அனுப்பிய ரசப்பொடி, பிஸ்கட் டப்பாவில்
ஒரு பொடி. என்னவென்று தெரியவில்லை. முகர்ந்து பார்த்தும்.

அனி அந்தப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "மருந்தா இருக்கலாம். சமையலா இருக்கலாம். உன் ஊரா இருக்கலாம்."

மதியம் கரியாஹாட் கடைத்தெரு. நடைபாதையில், நீல பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே டப்பாக் கடைக்காரர். இங்கே கடைக்காரர்களுக்கெல்லாம் நான் பௌதி, அண்ணி. கண்ணாடி மாதிரி தெளிவு, சதுரம், நாலு பக்கமும் கிளிப், மூடிக்குள் ரப்பர் வளையம். "தண்ணி ஊத்தித் தலைகீழா பிடிங்க பௌதி. ஒரு சொட்டு விழுந்தா கடையை மூடிட்டுப் போயிடறேன்."

பிடித்தேன். ஒரு சொட்டு விழுந்தது.

"அது மழை, பௌதி."

வாங்கிவிட்டேன். வட்டம் இடத்தைத் தின்னும். சதுரம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஆட்டோவில் மடி நிறைய காலி டப்பாக்கள். காற்றை வீட்டுக்கு எடுத்துப் போவது போல.


ஜூலை 6, ஞாயிறு

கொஞ்சம் வெயில். டப்பாக்களைக் கழுவி, பால்கனியில் கவிழ்த்து, ரப்பர் வளையங்களைத் தனியாகக் கழற்றிக் காயவைத்து.

அம்மா போன்.

"அவருக்குத் தனியா ஒரு தட்டு ஒதுக்கிடுடி. மீன் தொட்ட கையோட அவர் சாமானை யாரும் தொடப்படாது. ஆம்படையான் போயிட்டா மீனை விட்டுடற ஆசாரம் அவாளுக்கு உண்டு."

"நான் எங்கம்மா மீன் தொடறேன்?"

"உன் ஆம்படையான் தொடறானோல்லியோ."

சரிதான். ஞாயிற்றுக்கிழமை மீன் அனியின் இலாகா. அவனே வாங்கி, அவனே பொரித்து, அவனே வாணலியைத் தேய்த்துக் கவிழ்ப்பான். நான் முட்டைகூட இல்லாத வீட்டில் வளர்ந்தவள். அந்த நேரம் பால்கனியில் புத்தகத்தோடு இருப்பேன். மூன்று வருடமாக இது ஒழுங்காக நடக்கிறது.

ஆகவே:

மேல் தட்டு: எப்போதாவது எடுப்பவை. பண்டிகைச் சாமான், பெரிய பாத்திரம்.
இரண்டு: என்னுடையவை. உளுந்து, புளி, பொடிகள்.
மூன்று: மா. குனியவும் வேண்டாம், எக்கவும் வேண்டாம்.
நான்கு: அனி. கடுகெண்ணெய், மீன் மசாலா, அவனுடைய இரும்பு வாணலி.

மூன்றாம் தட்டுக்கு எல்லாமே புது டப்பா. மீன் கை படாதவை. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பூன், உள்ளேயே. வங்காள எழுத்தில் பெயர் ஒட்டினேன். கடலைப் பருப்பு, பாசிப் பருப்பு, கசகசா, வெல்லம். அப்பாவுக்கு இங்கே வேலை இருந்தபோது பள்ளியில் படித்த வங்காளம் இப்போது கசகசாவுக்கு உதவுகிறது.

அடுக்கும்போது நினைவு வந்தது. பாபாவின் காரியம் முடிந்து நியமபங்கம். துக்கம் கழிந்து வீட்டார் மறுபடி மீன் சாப்பிடும் நாள். மாடியில் பந்தி. என்னை எப்போதும்போல் ஓரத்துச் சைவ வரிசையில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அனியின் அத்தை மாவின் கையைப் பிடித்து அழைத்துவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார். மா உட்கார்ந்தார். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். என்னுடையதையும்.

அந்தக் குடும்பத்தில் எனக்கு அன்றுதான் ஒரு துணை கிடைத்த மாதிரி. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அத்தனை துக்கத்துக்கு நடுவே, சந்தோஷம்.


ஜூலை 8, செவ்வாய்

மா வந்தாயிற்று. இரண்டு பெட்டி, ஒரு மூட்டை கோபிந்தபோக் அரிசி, தைல பாட்டில்கள். மெலிந்திருக்கிறார். கண்ணாடி மூக்கில் நிற்காமல் சரிகிறது.

டீ குடித்ததும் அலமாரியைத் திறந்து காட்டினேன். (எவ்வளவு பெருமை எனக்கு.)

"இது முழுக்க உங்களோடது மா. எல்லாம் புதுசு. மீன் கை படாதது."

வரிசையைப் பார்த்தார். ஒரு டப்பாவை எடுத்து, கிளிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி. எழுத்துகளைப் படித்தார்.

"கையெழுத்து யாருது?"

"என்னுது."

"அழகா இருக்கு." பிறகு, "எனக்காகவா பௌமா, இவ்வளவும்?"

கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். பிரயாணக் களைப்பு.

(மாவின் வங்காளத்தைத் தமிழில் எழுதினால் அவர் எங்கள் வீட்டுப் பெண்மணி மாதிரி ஆகிவிடுகிறார். தவிர்க்க முடியவில்லை. பௌமாவை மட்டும் மாற்றவில்லை; 'மருமகளே' என்றால் நாடகமாகிவிடும்.)


ஜூலை 9, புதன்

வீட்டிலிருந்தே வேலை. கனத்த மழை, ஆபீஸ் இருக்கும் செக்டர் ஃபைவ் முழுக்க முழங்கால் தண்ணீராம்.

மா சமையலறையில். ஒரு டப்பாவை மூக்குக்கு அருகில் பிடித்தபடி:

"பௌமா, இதுக்குள்ள எது வச்சாலும் மணம் வெளியே வராதா?"

"வராதுன்னுதான் கடைக்காரன் சொன்னான் மா."

"எதுவா இருந்தாலுமா?"

உடனே புரிந்துவிட்டது எனக்கு. பெருங்காயம். பழகாதவர்களுக்கு அது எப்படி இருக்கும். என் தட்டு அவர் தட்டுக்கு நேர் மேலே வேறு. சாயந்திரம் பெருங்காயத்தைச் சின்ன டப்பாவில் போட்டு, அதைப் பெரிய டப்பாவில் போட்டு, மேல் தட்டுக்கு ஏற்றினேன். ரசப்பொடியையும்.


ஜூலை 11, வெள்ளி

மா சாப்பிடுவது குறைவு. பருப்பைச் சோற்றில் விட்டு, பிசைந்து, பாதியில் தட்டைத் தள்ளிவிடுகிறார். கோவைக்காய் மாதிரி தெரியும் அந்தப் பட்டோலை நான் வதக்கினேன். "நல்லா இருக்கு பௌமா." எல்லாவற்றுக்கும் அதுதான்.

அனி: "துக்கம். நாளாகும்."

வெல்லம் கசிகிறது. அரிசியில் காய்ந்த மிளகாய் போட்டுவைக்க வேண்டும். பால்காரரிடம் இன்னொரு பாக்கெட் சொல்ல வேண்டும்.


ஜூலை 13, ஞாயிறு

அனியின் மீன். மா சமையலறை வாசலில், நிலைக்கு வெளியே நின்றபடி.

"எண்ணெய் இன்னும் காயல."

"காஞ்சிடுச்சு மா."

"புகை வரட்டும். மஞ்சள் தடவினியா? உப்பு? அந்தப் பக்கம் திருப்பாதே, தோல் பிய்யும்."

"நீ போய் பால்கனில உக்காரு மா. உனக்கு இந்த வாடை ஒத்துக்காது இப்போ."

அவன் அன்பாகத்தான் சொன்னான். மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லை. மழை பார்த்தோம். மீன் பொரியும் சத்தமும் மழைச் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நான் சொன்னேன். மா, "இல்லை," என்றார்.

பிறகு நானும் அவரும் பருப்பு. அனி அவனுடைய தட்டோடு மேஜையின் அந்தக் கோடியில், மரியாதைக்காக.


ஜூலை 15, செவ்வாய்

மாலை பஸ்ஸில் நின்றே வந்தேன். செருப்பு ஊறிப்போய், கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டேன். கீழ்வீட்டு மாஷிமாவின் கதவு திறந்திருந்தது. ஓய்வுபெற்ற டீச்சர். குரல் இன்னும் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும்.

"இப்பல்லாம் புருஷன் போனா யாரு மீனை விடறாங்க? என் தங்கை விடல. நானும் விடல. என்ன கெட்டுப்போச்சு?"

பிறகு மாவின் குரல்.

"நான் எங்க விட்டேன். என்னை யாரும் விடவும் சொல்லல. நியமபங்கத்தன்னிக்கு நாத்தனார் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் உக்காரவச்சா. அதுலேர்ந்து யாரும் எனக்கு மீன் பரிமாறல. அவ்வளவுதான்."

"பையன்கிட்ட சொல்றதுதானே?"

"இங்க வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். வந்தா, பௌமா ஒரு தட்டு முழுக்க அடுக்கி வச்சிருக்கு. புதுப்புது டப்பா. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன். மேல எம்பேர் எழுதாத குறை. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது, இது எனக்கு வேண்டாம்னு?"

ஸ்பூன் கிண்ணத்தில் தட்டும் சத்தம்.

"அந்த மூடியைப் பாத்ததும் ஒரு நப்பாசை வேற. இவ்வளவு இறுக்கமா மூடுதே, ஷுட்கி வச்சாக்கூட மணம் வராதுபோலன்னு."

மாஷிமா சிரித்தார், மாடி முழுக்க. "மீனே தொடாதவ வீட்டுல கருவாடு. சரியான ஆளுதான் நீ."

"அதான் வாயைத் திறக்கல."

சத்தமில்லாமல் இறங்கினேன். கேட்டை வேண்டுமென்றே தடாலென்று சாத்தி, செருப்பைப் போட்டுக்கொண்டு, தப்தப்பென்று மறுபடி ஏறினேன்.


அதே நாள், இன்னும் கொஞ்சம்

நான் பிறந்ததிலிருந்து உட்காரும் வரிசை அது. எனக்கு வீடு. அவரை அங்கே கையைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன், சந்தோஷமாக.

பிறகு அந்த வரிசையையே சமையலறையில் கட்டி, பெயர் எழுதி ஒட்டினேன்.


ஜூலை 16, புதன்

அனியிடம் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டேனே மாகிட்ட."

"எப்போ?"

ஊசியைப் பார்த்தான். "கேக்கலையோ."

"கேக்கல."

"நீ கேட்டிருக்கலாம்."

"உன் அம்மா."

"உன் அலமாரி."

சண்டையாகவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை போட முகமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே: "ஷுட்கியா? பாபா வீட்டுக்குள்ள அது வந்ததே இல்ல. மாவோட வீடு சிட்டகாங்லேர்ந்து வந்த குடும்பம். அங்க அது இல்லாம நாளே கிடையாது. பாபா வீட்டுல அந்தப் பேரைச் சொன்னாலே மூக்கைப் பிடிப்பாங்க. மா தன் அம்மா வீட்டுக்குப் போனா சாப்பிட்டு வருவா. அந்த வீடும் இப்போ இல்ல."

ஆகவே மாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே வீட்டில் ஷுட்கி இல்லை. மீனை நிறுத்தியது இந்த வருடம்தான். இது அதற்கும் முன்னால்.

அம்மாவிடமும் போனில் சொன்னேன்.

"கருவாடா?"

லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"தட்டைக் கலைச்சுடு," என்றாள். "ஒதுக்கச் சொன்னவளே நான்தானே, பாவம், ஒரு மனுஷியை மூலைல உக்காரவச்சாச்சு. ஆனா ஒண்ணு. நான் அங்க வரச்சே அந்த டப்பாவை எங்கயாவது ஒளிச்சு வைங்கோ."


ஜூலை 17, வியாழன்

வெளிச்சமான நாள். லீவு போட்டேன், வயிற்றுவலி என்று.

அனி போனதும் மூன்றாம் தட்டில் இருந்ததையெல்லாம் மேஜைமேல் இறக்கினேன். மா கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன, வண்டா?"

"இல்ல மா. உங்களைக் கேக்காமலே அடுக்கிட்டேன். இப்போ நீங்க அடுக்குங்க. நாலு தட்டையும்."

என்னையே பார்த்தார்.

"கீழ்வீட்டுக்காரி சொன்னாளா?"

"படியில காதுல விழுந்துது."

"ஒட்டுக் கேட்டியா?"

"கொஞ்சம்."

மா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். எனக்கு அழுகை வந்துவிடுமோ என்று பயம். அவருக்கு வரவில்லை.

"மீன் பரவாயில்ல, அனி வாங்கறான், ஒரு துண்டு கூடுதலா வாங்குவான். அந்த இன்னொண்ணு, ஷுட்கி, வேண்டாம். நீ சாப்பிடாதவ. உனக்குக் கஷ்டம்."

"கஷ்டம்தான் மா."

"அப்போ விடு."

"ஞாயித்துக்கிழமை தவறாம மீன் பொரியறது இந்த வீட்டுல. நான் உயிரோடதானே இருக்கேன்?"

"மீன் வேற, இது வேற. நீ மோந்ததில்ல." பிறகு, மெதுவாக, கணக்குப் போடுகிற மாதிரி: "ஜாதவ்பூர் சந்தைல கிடைக்கும். நல்லதாவே கிடைக்கும். இங்கேர்ந்து ஒரே ஸ்டேஷன்."

எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார்.

அடுக்கினார். எனக்குத் தலை சுற்றுகிற ஒழுங்கு. பருப்புகள் எல்லாம் ஒன்றாக, என்னுடையது அவருடையது அனியுடையது. மேலேயிருந்து பெருங்காயத்தை இறக்கச் சொன்னார். டப்பாவுக்குள் டப்பாவைத் திறந்து பார்த்து, "இதை ஏன் ஜெயில்ல போட்டே?" என்றார். காரணம் சொன்னேன். மா சிரித்துப் பார்த்தது இந்த வருடத்தில் இன்றுதான். கண்ணாடி மேஜையில் விழுந்தது.


ஜூலை 19, சனி

காலையில் ரயில். ஜாதவ்பூர். சந்தையின் உள்ளே, பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே ஒரு சந்து. நான் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டேன். பயனில்லை. துப்பட்டா வழியாக வந்தது. கண் வழியாகவும் வந்தது என்று நினைக்கிறேன்.

மா வேறு ஆளாகிவிட்டார். கடைக்கார அம்மாளிடம் அவர் பேசிய வங்காளம் நான் கேட்டதே இல்லை. வேகமாக, மூக்கில் ஏறி, பாதி எனக்குப் புரியாமல். ஒன்றை ஒடித்துப் பார்த்து, இன்னொன்றை முகர்ந்து, மூன்றாவதைத் தள்ளி. கடைசியில் சுள்ளி மாதிரி காய்ந்த ஒரு வகை. பெயர் லோய்ட்டா.

"பொண்ணா?" என்று கடைக்கார அம்மாள் என்னைக் காட்டி.

"பௌமா. சாப்பிடாது. எனக்காக வந்திருக்கு."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கை கூடப் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் எங்களைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள். சனிக்கிழமை லோக்கலில் கையை வீசி நின்றது வாழ்நாளில் இதுதான்.

வீட்டில் டப்பா. காகிதத்தில் சுற்றி, உள்ளே வைத்து, நாலு கிளிப்பும் போட்டு, மூன்று பேரும் சுற்றி நின்று முகர்ந்தோம்.

"வருது," நான்.

"இல்ல," அனி.

"வருது," மா, வருத்தத்தோடு. "அந்தக் கடைக்காரன் பொய் சொல்லிட்டான்."

பெருங்காயத்தின் பழைய ஜெயில் காலியாக இருந்தது. அதற்குள் வைத்தோம். இப்போது குனிந்தால் மட்டும் வருகிறது. குனியாமல் இருக்கலாம்.

ஞாயிறுக்குக் காத்திராமல் மதியமே அனி மீன் பொரிக்க நின்றான். எண்ணெய் புகைந்தது. திரும்பிப் பார்க்காமலே, "மா, உனக்கும் ஒரு துண்டு போடட்டுமா?"

மா வாசலில். நிலையைத் தாண்டி உள்ளே போனார்.

"போடு. தள்ளிக்கோ, நான் போடறேன்."

சாப்பிடும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. மா முள்ளை எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்தார். அனி இரண்டு முறை தண்ணீர் எடுக்க எழுந்து போனான். தண்ணீர் மேஜையிலேயே இருந்தது.


ஜூலை 20, ஞாயிறு

மழை. ஜன்னல் எல்லாம் திறந்து, மின்விசிறி முழு வேகத்தில்.

மா காலையிலேயே வெங்காயமும் பூண்டும் மலைமலையாக நறுக்கினார். பத்து மணிக்கு, "பௌமா, நீ இப்போ கிளம்பு," என்றார். எங்கே கிளம்ப. பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நல்லவளாக இருந்துவிடலாம், உள்ளேயே உட்காரலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. எழுதிவைக்கிறேன்: முடியவில்லை. வாணலியில் விழுந்த முதல் நிமிடத்தில் கதவிடுக்கு வழியாக வந்தது. குமட்டியது. குடையைப் பிடித்துக்கொண்டு, பால்கனிக் கம்பியோடு ஒட்டி நின்றேன். சாரலில் பாதிப் பாவாடை நனைந்தது. கீழே மாஷிமா ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்து, மூக்கை உறிஞ்சி, "ஆஹா," என்றார். "எனக்கு ஒரு கிண்ணம் அனுப்பச் சொல்லு."

உள்ளே அனி இருமிக்கொண்டிருந்தான். அவனுக்கும் புதுசு. மா அவனை வெளியே துரத்தும் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மா மேஜையில் தனியாக. முதுகு எனக்கு. சோறு பிசைகிறார், பெரிய பெரிய கவளம். அவசரமே இல்லை. ஒருமுறை கையை நிறுத்தி அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடி சாப்பிட்டார். சோறு மறுமுறை போட்டுக்கொண்டார்.

நான் உள்ளே போகவில்லை. அது என் சாப்பாடு இல்லை. அவர் தனியாக இருக்கட்டும்.

தண்ணீர் ஓடும் சத்தம். சோப்பு. மறுபடி தண்ணீர். கதவைத் திறந்துகொண்டு மா பால்கனிக்கு வந்தார். நெற்றியில் வியர்வை, கன்னம் சிவந்து. என் குடைக்குக் கீழே நுழைந்து வலது கையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சுட்டேன். போயிடுச்சா, பாரு."

முகர்ந்தேன்.

"போகல மா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

மா அந்தக் கையையே பார்த்தார். பிறகு அதை என் தலைமேல் வைத்தார். பெரியவர்கள் வைப்பதுபோல, முழுக் கையையும், அழுத்தி. வெகுநேரம் எடுக்கவில்லை.

தலைக்குக் குளிக்க வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.